களிம்பும் காப்பும்

உலகிற் காணும் பொருள்கள் யாவும் காலத்திற்கு உட்பட்டவை. ஓலைச் சுவடியைச் செல் அரிக்கிறது. மரத்தை மழையும் வெயிலும் மெலிவிக்கின்றன. கல்லும் உப்புக் காற்றினால் பொரிந்து உதிர்கிறது. உலோகம் ஒன்றே உறுதி வாய்ந்தது, அதற்கு அழிவில்லை என்று பலர் எண்ணுவர். அவ்வெண்ணம் பொருந்தாது. இரும்பைத் துரு தின்பது போலச் செம்பைக் களிம்பு பற்றுகிறது. செம்பிற் களிம்பு இயல்பாகவே உடனிருப்பது என்று கண்ட சைவ சமயச் சான்றோர், உயிரைப் பற்றிய ஆணவ மலத்திற்கு அதனை உவமையாகக் கூறினர். அவ்வுவமையின் பொருத்தத்தைப் பழைய செப்புத் திருமேனிகளைச் சீர்செய்யும் தொழில் வல்லார் நன்குணர்வர். களிம்பை அறவே நீக்குதல் எளிதன்று. நீக்கத் தகாத களிம்பும் உண்டு. எதனை நீக்குவது, எதனை விடுவது என்று தேர்ந்தறிவதே அத்தொழிலின் உயிர்நிலை.

தமிழ்நாட்டுக் கோயில்களில் கருவறையில் நிலைபெற்றிருக்கும் மூலவர் பெரும்பாலும் கல்லால் ஆயவர். திருவிழாக் காலங்களில் வீதியில் உலாவரும் திருமேனிகளோ உலோகத்தால் ஆயவை. இவற்றை வார்க்கும் கலை பல்லவர் காலத்தில் வளர்ந்து, சோழர் காலத்தில் உச்சநிலை எய்தியது. கூத்தப்பெருமான், உமையம்மை, திருமால், நாயன்மார், ஆழ்வார் முதலிய பல திருவுருவங்கள் அக்காலத்தில் வார்க்கப்பெற்றன. இவற்றை ஐம்பொன் திருமேனிகள் என்று வழங்குதல் மரபு. ஆயினும், வேதியியல் அறிஞர் ஆராய்ந்த அளவில், இவற்றிற் பெரும்பகுதி செம்பே. அதனோடு வெள்ளீயமும் காரீயமும் கலந்துள்ளன. பொன்னும் வெள்ளியும் காணப்படினும் அவை மிகச் சிறிய அளவினவே. பொன் கிடைக்கும் என்று கருதிப் பழைய திருமேனியைச் சுரண்டுவோரும் உருக்குவோரும் பெறுவது யாதுமில்லை. நாடு இழப்பதோ அளவிறந்தது.

அவ்விழப்பு ஏன் அளவிறந்தது என்பதை வார்ப்பு முறையால் அறியலாம். சிற்பி முதலில் தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, அம்மெழுகினால் திருவுருவத்தை அமைக்கிறான். கண், மூக்கு, அணிகலன், ஆடை மடிப்பு ஆகிய எல்லாம் மெழுகிலேயே உருப்பெறும். பின்னர் அதன்மேல் காவிரிக் கரையின் நுண்ணிய வண்டல் மண்ணைப் பூசி உலர்த்துகிறான். அதன்மேல் பருமண்ணைப் பல படலங்களாக அப்பி, இரும்புக் கம்பியாற் கட்டுகிறான். அந்த மண் கருவை வறட்டித் தீயில் வாட்டும்பொழுது உள்ளிருக்கும் மெழுகு உருகி, விட்ட துளை வழியே வெளியேறிவிடுகிறது. மெழுகு இருந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை வார்க்கிறான். ஆறிய பின்னர் மண்ணை உடைத்துத் திருமேனியை வெளியே எடுத்து, உளியாலும் அரத்தாலும் செப்பம் செய்கிறான். சுவாமிமலையில் இம்முறை இன்றும் கையாளப்படுகிறது. மெழுகும் உருகிப் போயிற்று. மண் கருவும் உடைந்து போயிற்று. ஆதலின் அதே திருமேனியை இரண்டாம் முறை வார்த்தல் இயலாது. ஒவ்வொரு செப்புத் திருமேனியும் தனித்த ஒன்று. அஃது அழியுமாயின் அதற்கு ஈடாக உலகில் வேறொன்று இல்லை.

இத்தகைய திருமேனிகள் பல இன்று மண்ணுக்குள்ளிருந்து கிடைக்கின்றன. போர்க்காலங்களில் பகைவர் கவர்ந்து செல்வர் என்று அஞ்சிய ஊரார், இவற்றைக் கோயிலின் உள்ளேயோ அருகிலோ குழி தோண்டிப் புதைத்து வைத்தனர். அமைதி திரும்பியபொழுது புதைத்த இடம் அறிந்தோர் உயிரோடு இலர். அதனால் பல நூற்றாண்டுகள் அவை மண்ணிலேயே கிடந்தன. நாகப்பட்டினத்தில் 1856ஆம் ஆண்டு முதல் 1934ஆம் ஆண்டு வரை ஏறத்தாழ 350 பௌத்தத் திருமேனிகள் வெளிப்பட்டன. திருவெண்காட்டில் 1951ஆம் ஆண்டை ஒட்டிச் சோழர் காலத்துச் சிறந்த திருமேனிகள் கிடைத்தன. விழுப்புரத்தை அடுத்த எசாலத்தில் 1987ஆம் ஆண்டில் திருமேனிகளும், இராசேந்திர சோழனுடைய செப்பேடுகளும் ஒருங்கே அகப்பட்டன. ஏர் உழுவோரும், கடைகால் தோண்டுவோரும், கோயில் திருப்பணி செய்வோரும் எதிர்பாராது கண்டெடுத்தவை மிகப் பல.

மண்ணிற் புதைந்த செப்புத் திருமேனிக்கு நேர்வது யாது? செம்பு மண்ணின் ஈரத்தோடும் காற்றோடும் கலந்து மெல்ல மாறுதலடைகிறது. முதலில் உலோகத்தை ஒட்டிச் செந்நிறமான படலம் ஒன்று தோன்றும். அதன் மேல் பச்சை நிறப் படலம் படரும். சிற்சில இடங்களில் நீல நிறமும் காணப்படும். இப்படலம் அழுத்தமாகவும் வழவழப்பாகவும் அமையின், அது திருமேனிக்குக் கேடு செய்வதில்லை. மாறாக, உள்ளிருக்கும் உலோகத்தைக் காற்றும் ஈரமும் தாக்காதவாறு போர்வை போல நின்று காக்கிறது. சிற்பி செதுக்கிய நுண்ணிய கோடுகள் பல இப்படலத்திலேயே பதிந்து நிற்கும். பழமையின் அடையாளமாகிய இதனை நற்களிம்பு எனலாம். இதனை அழுக்கென்று எண்ணித் தேய்த்து நீக்குதல் பெரும் பிழையாகும்.

நோய்க்களிம்பு என்பது வேறு. கடற்கரையை அடுத்த நிலத்திலும் உவர் மண்ணிலும் உப்பு மிகுந்திருக்கும். அவ்வுப்பிலுள்ள குளோரைடு செம்போடு கூடி, மெழுகு போன்ற சாம்பல் நிறப் பொருளாகி, மேற்படலத்தின் அடியில் மறைந்து தங்கிவிடுகிறது. மண்ணுக்குள் இருக்கும் வரை அது பெரும்பாலும் அடங்கியிருக்கும். திருமேனி வெளியே எடுக்கப்பட்டு, ஈரக் காற்று அதன்மேற் பட்டவுடன், அந்தப் பொருள் விழித்தெழுகிறது. ஈரத்தோடும் ஆக்சிஜனோடும் சேர்ந்து வெளிறிய பச்சைப் பொடியாக மாறுகிறது. அவ்வாறு மாறும்பொழுது ஹைட்ரோகுளோரிக் அமிலமும் பிறக்கிறது. அவ்வமிலம் அடுத்திருக்கும் நல்ல செம்பைத் தாக்குகிறது. தாக்கப்பட்ட செம்பு மீண்டும் குளோரைடாகிறது. அது மீண்டும் பொடியாகிறது. இச்சுழற்சி தானே நின்றுவிடுவதன்று. நூற்றாண்டுகள் பல மண்ணிற் கிடந்தும் சிதையாத திருமேனி, வெளியே வந்தபின் கண்ணாடிப் பேழைக்குள்ளேயே சிதைந்து போகக்கூடும். அறிஞர் இதனை வெண்கல நோய் என்று வழங்குகின்றனர். புதையல் கிடைத்துவிட்டது, இனித் திருமேனி பிழைத்தது என்று மக்கள் மகிழும் அந்நாளே அதற்கு இடர் தொடங்கும் நாளாகவும் இருக்கலாம் என்பது எண்ணத்தக்கது.

சென்னை எழும்பூரிலுள்ள அரசினர் அரும்பொருட்காட்சியகம் 1851ஆம் ஆண்டில் தோன்றியது. நாளடைவில் அங்கே செப்புத் திருமேனிகள் மிகுதியாக வந்து சேர்ந்தன. அவற்றுட் பலவற்றை வெண்கல நோய் பற்றியிருந்தது. அவற்றைக் காக்கும் பொருட்டு 1930ஆம் ஆண்டில் அக்காட்சியகத்தில் வேதியியல் ஆய்வகம் ஒன்று அமைக்கப்பட்டது. இந்திய அரும்பொருட்காட்சியகங்களுள் இத்தகைய ஆய்வகத்தை முதற்கண் அமைத்தவற்றுள் இஃது ஒன்றாகும். வேதியியல் அறிஞராகிய எஸ். பரமசிவன் அங்கே அமர்ந்து, மின்பகுப்பு முறையினால் திருமேனிகளின் நோயை நீக்கும் பணியை மேற்கொண்டார். சுவரோவியங்களின் அமைப்பையும் ஆராய்ந்தவர் அவர். சிற்பியின் கைத்திறனுக்கு அறிவியல் துணைநிற்கும் முறை தமிழ்நாட்டில் இவ்வாறு கால்கொண்டது.

மின்பகுப்பு முறையாவது இது: எரிசோடா கரைத்த நீர் நிறைந்த தொட்டியில் திருமேனி தொங்கவிடப்படும். அதனை மின்கலத்தின் எதிர்முனையோடு இணைப்பர். திருமேனியைச் சுற்றிலும் இரும்புத் தகடுகளை நிறுத்தி அவற்றை நேர்முனையோடு இணைப்பர். மெல்லிய மின்னோட்டம் செலுத்தப்படும்பொழுது, உள்ளே ஒளிந்திருந்த குளோரைடு திருமேனியை விட்டு நீங்கித் தகடுகளை நோக்கிச் செல்லும். திருமேனியின் மேல் ஹைட்ரஜன் வாயு சிறு குமிழிகளாகத் தோன்றி, கெட்டிப்பட்ட களிம்பை நெகிழச் செய்யும். நாட்கள் பல சென்றபின் அதனை எடுத்து மெல்லிய தூரிகையால் துடைத்தால், களிம்புக்குள் உருத்தெரியாது கிடந்த முகமும் அணிகளும் வெளிப்படும்.

இம்முறையால் அழிவினின்றும் மீண்ட திருமேனிகள் பல. எனினும் இதற்கும் ஒரு குறை உண்டு. மின்னாற்றல் நோய்க்களிம்பு இது, நற்களிம்பு இது என்று வேறுபாடு அறியாது. இரண்டையும் ஒருங்கே போக்கிவிடும். காலம் அளித்த பச்சைப் பொலிவும் போய், அதிற் பதிந்திருந்த நுண்கோடுகளும் போய், திருமேனி வெற்றுச் செம்பாக நிற்கும். உள்ளே உறுதியான உலோகம் இல்லாது முழுவதும் களிம்பாகவே மாறிய பொருளைத் தொட்டியில் இட்டால், அது பொடிப்பொடியாக உதிர்ந்து விடும். ஆதலின் பிற்கால அறிஞர் இம்முறையை வேறு வழியில்லாத இடத்து மட்டுமே கையாளத் தலைப்பட்டனர். மருந்து நோயைத் தீர்ப்பதோடு நோயாளியையும் காக்க வேண்டும் அன்றோ?

இன்று ஒரு திருமேனி சீர்செய்ய வந்தால், அறிஞர் உடனே அதனைத் துலக்கத் தொடங்குவதில்லை. முதற்பணி பார்த்தலும் பதிவு செய்தலுமே ஆகும். திருமேனியின் உயரம், எடை, முறிவு, வெடிப்பு, களிம்பின் நிறம் ஆகியவற்றை ஏட்டில் எழுதுவர். எல்லாப் பக்கங்களிலிருந்தும் நிழற்படம் எடுப்பர். ஊடுகதிர்ப் படத்தால் உள்ளே உள்ள வெடிப்புகளையும் பழைய ஒட்டுகளையும் காண்பர். மருத்துவன் நோயாளியின் நாடியைப் பார்த்து நோயின் காரணத்தைத் துணிந்த பின்னரே மருந்தை எண்ணுவது போன்றது இது.

இப்பதிவின் இன்றியமையாமையைச் சிவபுரத்துக் கூத்தப்பெருமான் வரலாறு தெளிவாக்கும். கும்பகோணத்தை அடுத்த சிவபுரத்தில் 1951ஆம் ஆண்டில் திருமேனிகள் சில மண்ணிலிருந்து கிடைத்தன. அவற்றுள் கூத்தப்பெருமானின் திருமேனி சீர்செய்தற்பொருட்டு வெளியே அனுப்பப்பட்டது. அதனைப் போலவே மற்றொன்று வார்க்கப்பட்டு, அப்போலித் திருமேனியே கோயிலுக்குத் திரும்பி வந்தது. உண்மைத் திருமேனி பலர் கைமாறி அமெரிக்க நாட்டிற்குச் சென்றது. கோயிலில் இருப்பது பழையதன்று என்பதைப் பின்னர் அறிஞர் உணர்த்திய பின்னரே உண்மை வெளிப்பட்டது. நெடிய முயற்சிக்குப் பின் 1986ஆம் ஆண்டில் உண்மைத் திருமேனி இந்தியாவிற்கு மீண்டது. சீர்செய்தல் என்னும் பெயராலேயே களவு நிகழ்ந்தமை இவ்வரலாறு கூறும் செய்தியாகும். ஆதலின் சீர்செய்வோனுக்குக் கைத்திறனினும் நேர்மையே முதற்கண் வேண்டப்படுவது.

நிழற்படத்தின் பயனை அனந்தமங்கலம் கோயிலின் வரலாற்றாலும் அறியலாம். அக்கோயிலின் இராமர், சீதை, இலக்குவன் ஆகிய திருமேனிகளைப் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார் 1958ஆம் ஆண்டிற் படம் பிடித்து வைத்தனர். அத்திருமேனிகள் 1978ஆம் ஆண்டிற் களவு போயின. நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர் இங்கிலாந்தில் அவை இருப்பது தெரியவந்தபொழுது, அப்பழைய படங்களே சான்றாக நின்றன. 2020ஆம் ஆண்டில் திருமேனிகள் தாயகம் திரும்பின. ஒரு நொடியில் எடுக்கப்பட்ட படம் நீங்கிய தெய்வத்தை நெடுங்காலத்திற்குப் பின் ஊருக்கு அழைத்து வந்தது.

பதிவு முடிந்தபின் துலக்கும் பணி தொடங்குகிறது. மேலே ஒட்டிய மண்ணை மூங்கிற் குச்சியாலும் மென்மையான தூரிகையாலும் சிறிது சிறிதாக அகற்றுவர். நுண்ணிய இடங்களில் உருப்பெருக்கிக் கண்ணாடியின் துணைகொண்டு மெல்லிய ஊசியாற் களிம்பை எடுப்பர். ஒரு விரல் அகலம் துலக்க ஒரு நாள் ஆவதும் உண்டு. பின்னர் நோய்க்களிம்பைப் போக்கும் பொருட்டுச் சோடியம் செஸ்குவி கார்பனேட்டுக் கரைசலில் திருமேனியை ஊறவைப்பர். இடையிடையே கரைசலை மாற்றிக்கொண்டே வருவர். குளோரைடு முற்றிலும் வெளியேற வாரங்கள் ஆகலாம்; மாதங்களும் ஆகலாம். அதன்பின் காய்ச்சி வடித்த நீரிற் பலமுறை கழுவுவர். கழுவிய நீரில் சிறிது நைட்ரிக் அமிலமும் வெள்ளி நைட்ரேட்டும் சொட்டிப் பார்த்தால், குளோரைடு எஞ்சியிருப்பின் நீர் வெண்மையாகக் கலங்கும். நீர் தெளிவாகவே நிற்குமாயின் நோய் நீங்கியது என்று தெளியலாம். ஈரம் போக உலர்த்திய பின்னர், பென்சோடிரையசோல் என்னும் மருந்தைச் சாராயத்திற் கரைத்து ஊட்டுவர். அது செம்போடு கூடிக் கண்ணுக்குப் புலனாகாத காப்புப் படலமாக நிற்கும். அதற்கு மேலும் ஒளிபுகும் மெல்லிய பூச்சு ஒன்று இடுவர்.

இவ்வளவும் செய்தபின்னும் பணி முடிந்துவிடாது. வெண்கல நோய்க்கு ஈரமே உணவு. காற்றிலுள்ள ஈரப்பதம் நூற்றுக்கு நாற்பது என்னும் அளவுக்குக் கீழே இருக்குமாறு பேழையைக் காத்துவரின், உள்ளே சிறிது குளோரைடு எஞ்சியிருப்பினும் அது பெரும்பாலும் உறங்கியே கிடக்கும். கடலை அடுத்த சென்னை போன்ற நகரில் ஈரப்பதத்தை அவ்வளவு குறைத்தல் எளிய செயலன்று. அதற்கென்று ஈரம் உறிஞ்சும் பொருள்களைப் பேழையில் வைத்து, அவற்றை அடிக்கடி மாற்றவும் வேண்டும். ஆண்டுதோறும் ஒவ்வொரு திருமேனியையும் பார்த்து, வெளிறிய பச்சைப் புள்ளி எங்கேனும் தோன்றியுள்ளதா என்று ஆராயவும் வேண்டும். சீர்செய்தல் ஒரு நாட்பணி. காத்தலோ நாடோறும் செய்யும் பணி.

இனி, சீர்செய்வோன் எங்கே நிற்க வேண்டும் என்னும் வினா எழுகிறது. கை முறிந்த திருமேனிக்குப் புதிய கை பொருத்தலாமா? தேய்ந்த மூக்கைக் கூராக்கலாமா? திருவெண்காட்டில் 1951ஆம் ஆண்டில் கிடைத்த விடையேறிய பெருமானின் திருமேனி இவ்வினாவிற்கு விடை கூறும். இறைவன் காளையின்மேற் கையை ஊன்றி, உடலைச் சிறிதே ஒசித்து, எளிமையும் பெருமிதமும் தோன்ற நிற்கும் கோலம் அது. அது முதலாம் இராசராசன் காலத்தில், 1011ஆம் ஆண்டை ஒட்டி அமைந்தது என்றும், அருகில் நிற்கும் தேவியின் திருமேனி அடுத்த ஆண்டில் அமைந்தது என்றும் கோயிற் கல்வெட்டுகளைக் கொண்டு அறிஞர் துணிந்துள்ளனர். இன்று அது தஞ்சைக் கலைக்கூடத்தில் உள்ளது. ஆனால், அவன் கை ஊன்றிய காளை இல்லை. புதிய காளை ஒன்றை வார்த்து நிறுத்துதல் இக்காலச் சிற்பிகளுக்கு அரிய செயலன்று. ஆயினும் அவ்வாறு செய்யப்படவில்லை. பழைய காளை தலையை எப்பக்கம் திருப்பியிருந்தது, அதன் திமிலும் கழுத்தணியும் எவ்வாறு அமைந்திருந்தன என்பவற்றைக் காட்டும் சான்று இல்லை. சான்றின்றிச் சேர்க்கும் காளை, சோழச் சிற்பியின் காளையாகாது. சேர்த்தவன் கருத்தில் தோன்றிய காளையே ஆகும். காண்போர் அதனையும் பழையதென்றே மயங்குவர். இல்லாத காளையின்மேல் ஊன்றிய அக்கையைக் காண்போரோ, தம் உள்ளத்திலேயே காளையை நிறுத்திக் காண்கின்றனர்.

பழங்கட்டடங்களைச் சீர்செய்தற்குரிய நெறிகளை 1964ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு வெனிசு நகரிற் கூடிய அறிஞர்கள் வகுத்தனர். சான்று உள்ள அளவே செல்க, ஊகத்தைத் துணைக்கொண்டு மேற்செல்லற்க என்பது அந்நெறிகளுள் ஒன்றன் கருத்தாகும். படிமங்களுக்கும் இக்கருத்துப் பொருந்துவதே. திருமேனி விழாமல் நிற்பதற்கு ஏதேனும் தாங்கு வேண்டுமாயின், அது பிற்காலத்துச் சேர்க்கை என்று கூர்ந்து நோக்குவார்க்குப் புலப்படுமாறு அமைய வேண்டும். வேண்டும்பொழுது பழைய பொருளுக்குக் கேடின்றி நீக்கத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும்.

சேர்த்தலிற் போலவே நீக்கலிலும் அளவு வேண்டும். தஞ்சை வட்டாரத்துப் பத்தூரில் 1976ஆம் ஆண்டில் கூத்தப்பெருமானின் திருமேனி ஒன்று மண்ணிலிருந்து கிடைத்துக் கள்ளத்தனமாக இலண்டன் நகரை அடைந்தது. அங்கே அது சீர்செய்வோர் ஒருவரிடம் இருந்தபொழுது, 1982ஆம் ஆண்டிற் காவலர் அதனைக் கைப்பற்றினர். அது பத்தூர்க் கோயிலுக்கே உரியது என்று வழக்குத் தொடரப்பட்டது. வழக்கில் சிற்ப அமைதி மட்டுமன்றித் திருமேனியில் ஒட்டியிருந்த மண்ணும், கறையான் ஊர்ந்த தடங்களும் ஆராயப்பட்டன. அதே ஊரிற் கிடைத்த வேறு திருமேனிகளோடு அவை ஒப்பிட்டு நோக்கப்பட்டன. 1988ஆம் ஆண்டிற் கோயிலுக்குச் சார்பாகத் தீர்ப்பு வழங்கப்பட்டது. மேல்முறையீட்டிலும் அது நிலைபெற, 1991ஆம் ஆண்டில் திருமேனி தமிழ்நாட்டிற்குத் திரும்பியது. கண்ணுக்கு அழுக்கெனத் தோன்றிய மண் அயல்நாட்டு நீதிமன்றத்திற் சான்று பகர்ந்தது. திருமேனி முற்றத் துலக்கப்பெற்றுப் பளபளவென்று ஆக்கப்பட்டிருக்குமாயின், அச்சான்று வாய்திறவாமலே நீரோடு போயிருக்கும். எனவே, அகற்றும் மண்ணிலும் களிம்பிலும் சிறிதளவை எடுத்துப் பெயர் எழுதிச் சேமித்து வைத்தலை நல்ல ஆய்வகத்தார் கடமையாகக் கொண்டுள்ளனர்.

இதுகாறும் கூறியவை காட்சியகத்திலுள்ள திருமேனிகளைப் பற்றியன. வழிபாட்டிலுள்ள திருமேனிகளின் நிலை சிறிது வேறானது. காட்சியகத்தில் திருமேனி வரலாற்றுச் சான்று. கோயிலிலோ அது தெய்வம். முகம் சிதைந்தும் முதன்மையான உறுப்பு முறிந்தும் போன திருமேனி வழிபாட்டிற்கு ஆகாது என்பது ஆகம, சிற்ப நூல்களின் துணிபு. விரல் நுனி, அணிகலன் போன்ற சிறு பகுதி பழுதுபடின் அதனைச் செப்பம் செய்து வழிபடலாம் என்றும் அந்நூல்கள் இசைவு தருகின்றன. ஆதலின், முறிந்ததை முறிந்தபடியே விடுக என்னும் காட்சியக நெறியைக் கோயிலுக்கு அவ்வாறே உரைத்தல் பொருந்தாது. கோயில் நெறியைக் காட்சியகத்திற்கு உரைத்தலும் பொருந்தாது. எனினும், இரண்டிற்கும் பொதுவானதொரு கடமை உண்டு. அஃதாவது, உள்ளதைத் தேய்த்துக் கெடுக்காமை.

திருமேனிகள் பளிச்சிட வேண்டும் என்னும் ஆர்வத்தால் புளியையும் செங்கற்பொடியையும் இட்டுத் தேய்க்கும் வழக்கம் பல ஊர்களில் இருந்துவந்துள்ளது. புளியிலுள்ள அமிலம் களிம்போடு செம்பையும் கரைக்கிறது. செங்கற்பொடி அரம்போல் அராவுகிறது. ஒருமுறை தேய்ப்பதால் வரும் கேடு கண்ணுக்குத் தெரியாது. நூறாண்டு தேய்த்தபின் புருவ வளைவு மறைகிறது. இதழின் முறுவல் மழுங்குகிறது. கண் இருந்த இடம் வழவழப்பாகிறது. பின்னர் எவரேனும் புதிய கண்ணைக் கீறுவர். அது பழைய சிற்பி திறந்த கண்ணாகாது. அன்பினாற் செய்த செயலே அழிவுக்குக் காரணமாதல் இரங்கத்தக்கது. தூய நீரால் கழுவி, மென்மையான துணியால் ஈரம் போகத் துடைத்தலே போதுமானது. அபிடேகம் முடிந்தபின் பாலும் தயிரும் இடுக்குகளில் தங்காதவாறு பார்த்தலும் வேண்டும்.

கள்வருக்கு அஞ்சிப் பல கோயில்களின் திருமேனிகளை ஓரிடத்திற் சேர்த்துக் காக்கும் மையங்கள் திருவாரூர் முதலிய ஊர்களில் அமைந்துள்ளன. களவைத் தடுக்க அவை இன்றியமையாதவை. ஆயினும், பூட்டு கள்வனைத் தடுக்குமேயன்றிக் காற்றின் ஈரத்தைத் தடுக்காது. காற்றோட்டமும் வறட்சியும் உள்ள அறையில், ஒன்றோடொன்று உராயாதவாறு இடைவெளி விட்டு வைத்தலும், நோயுற்றதை நோயற்றவற்றினின்று பிரித்து வைத்து மருந்திடலும் காவலின் பகுதிகளேயாகும்.

மண்ணிலிருந்து பழம்பொருள் ஒன்று கிடைக்குமாயின் பொதுமக்கள் செய்யத்தக்கது யாது என்பதையும் அறிதல் நலம். 1878ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட புதையற் சட்டப்படி, மண்ணுள் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தவர் அதனை மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் வேண்டும். ஊரிலுள்ள வருவாய்த்துறை அலுவலரிடம் தெரிவித்தால் செய்தி ஆட்சியரை அடையும். அதுவரை அப்பொருளைக் கழுவுதலும், தேய்த்தலும், எண்ணெய் பூசுதலும், பொன்னோ என்று சுரண்டிப் பார்த்தலும் கூடா. கிடைத்த இடம் எது, எவ்வளவு ஆழத்தில் எத்திசை நோக்கிக் கிடந்தது, உடன் கிடைத்தவை யாவை என்பவற்றைக் குறித்து வைத்தல் பெரும்பயன் தரும். உடைந்த சிறு துண்டையும் எறிந்துவிடலாகாது. இன்று பொருளற்றதாகத் தோன்றும் துண்டே நாளை முறிந்த விரலாகவோ திருவாசியின் சுடராகவோ பொருந்தி நிற்கலாம்.

பழம்பொருளைப் புதுப்பொருளாக்கிக் காட்டுதல் சீர்செய்வோனின் நோக்கமன்று. நோயை நீக்குதலும், எஞ்சியதை உறுதி செய்தலும், உண்மையை மறையாது வருங்காலத்தாரிடம் ஒப்படைத்தலுமே அவன் கடன். சோழச் சிற்பியின் பெயர் பெரும்பாலும் நமக்குத் தெரியாது. அவன் கைத்திறனோ ஆயிரம் ஆண்டு கடந்து நிற்கிறது. அதனைக் காத்தவனும், தன் கையின் சுவடு திருமேனியில் தோன்றாதவாறு பணிசெய்து ஒதுங்கி நிற்கிறான். முன்னவன் படைத்துப் பெருமை பெற்றான். பின்னவன் கை அடக்கத்தாற் பெருமை பெறுகிறான். இவ்விருவர் உழைப்பும் வீண்போகாதவாறு, ஊர்தோறும் உள்ள பழந்திருமேனிகளைப் போற்றிக் காத்தல் பிறந்த நாட்டிற்கு இளைஞர் ஆற்றும் தொண்டாகும்.